குச்சி நிழல் பார்த்த மேனேஜர்

நான் பார்த்ததிலேயே பெரிய ஃபுட்பால் மேனேஜர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பந்தைக் காலால் தொட்டதில்லை. பந்து தன் பக்கமாக உருண்டு வந்தால் பாம்பைக் கண்டவர்போல விலகி நின்றுகொள்வார்.

என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே செல்போனில் வெளிநாட்டு ஆட்டம் பார்க்கிற கூட்டம் நாம். பந்து கோட்டைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் தோளில் அடித்துவிட்டு, பிறகு நம் தோள் வலிக்கிறதே என்று உட்காருகிறவர்கள். ஊர் ஊராகத் திரிந்து, பல வேலை பார்த்து, இப்போது மண்டபம் என்கிற கடற்கரை ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் காவலுக்கு இருக்கிறேன். காலையில் லோடு ஏற்ற வருகிற பையன்கள் முதலில் போனைத்தான் எடுப்பார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் இரண்டு டீமில் சிவப்புச் சட்டைக்கு ஒரு கூட்டம், நீலச் சட்டைக்கு ஒரு கூட்டம். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து தொண்டை கிழியக் கத்துகிறோம்.

அதில் எனக்கு மேனேஜர்களைப் பார்க்கத்தான் பிடிக்கும். ஒருவர் சூயிங்கம் மெல்லுகிறார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை உதைக்கிறார். ஒருவர் மழையில் நனைந்துகொண்டே குட்டி நோட்டில் என்னவோ எழுதுகிறார். யார் பெரியவர் என்று பையன்களுக்குள் ஒருநாள் சண்டை. ஐஸ் உருகி ஓடுவதுகூடத் தெரியவில்லை.

"இவங்கள்லாம் என்ன, நான் ஒருத்தரைச் சொல்றேன்," என்றேன்.

"அவரு எந்த கிளப்பு, பெருசு?"

"கண்மாய் கிளப்பு."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் சீமையில் ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி. பெரிய கண்மாயின் கடைசி மடைகளில் ஒன்று எங்களுக்கு. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கருவேலங்கட்டை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. நான் சொல்கிற வருடம் மாசியிலேயே தண்ணீர் வற்றிவிட்டது. பெரியவர்கள் கரையில் நின்று வாயில் கை வைத்துக்கொண்டார்கள். எங்களுக்கோ கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் மைதானம். அதுவரை இடம் கொடுக்காத கண்மாய் அந்த வருடம்தான் கொடுத்தது. எங்களுக்குத் துக்கம் வரவில்லை.

பந்து ஒன்றே ஒன்று இருந்தது. தோல் பந்து, வாயில் கயிறு கோத்துக் கட்டியது. உள்ளே இருந்த பிளாடரில் சைக்கிள் கடைக்காரர் ஒட்டிய ஒட்டு ஏழோ எட்டோ. கயிறு இருக்கிற பக்கம் தலையில் பட்டால் நெற்றியில் தையல் போட்டதுபோலத் தடம் விழும். அந்தத் தடத்தோடு பள்ளிக்கூடம் போவது பெரிய கௌரவம்.

ஆட்கள் பதினெட்டுப் பேர். இடம் பதினொன்று. யார் உள்ளே, யார் வெளியே என்று தினமும் அடிதடி. டிரில் வாத்தியார் விசில் ஊதிப் பார்த்தார், பிரம்பால் அடித்துப் பார்த்தார், கடைசியில் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் கரையில் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த நீர்பாய்ச்சி மாமா இறங்கி வந்தார்.

மடையைத் திறந்து, அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறவர் அவர். ஊருக்கு நீர்பாய்ச்சி, எனக்கு மாமன் முறை. கையில் கடிகாரம் கிடையாது. வரப்பில் ஒரு குச்சியை ஊன்றி, நிழல் எத்தனை விரல் நகர்ந்தது என்று பார்ப்பார். நிழல் வந்து சேர்ந்ததும் அடைத்துவிடுவார். பெரிய வீட்டு வயலானாலும் சரி, சொந்த மச்சினன் வயலானாலும் சரி. பாதி வயல் நனையாமல் கிடக்கிறதே என்று காலில் விழுந்தாலும், "மொறை முடிஞ்சிருச்சு. சுத்தி வரும், பொறு," என்பார். அவர் சொன்னபடியே சுற்றியும் வரும். அதனால் அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு இருந்ததில்லை. கண்மாய் வற்றிய வருடம் அவருக்கு அடைக்கவும் திறக்கவும் எதுவும் இல்லை. கை துறுதுறுத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வந்தவர் கண்மாய்த் தரையில் குச்சியை ஊன்றினார்.

"ஏலே, பதினெட்டு வயலுன்னு வச்சுக்க. நெழலு இங்கன வந்தா நீ வெளிய, அவன் உள்ள. அங்கன வந்தா அவன் வெளிய, நீ உள்ள. எவனாச்சும் கூடுதலா நின்னீங்க, மடையில கட்டிப் போட்டுருவேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் எங்கள் மேனேஜர். டிரில் வாத்தியார் பந்தோடு திரும்பி வந்து, சண்டை நின்றிருப்பதைப் பார்த்து அசந்துபோனார்.

இன்றைக்கு டிவியில் ரொட்டேஷன் என்கிறார்கள். ஆட்டக்காரர்களை மாற்றி மாற்றி இறக்குகிற மேனேஜரை மேதை என்கிறார்கள். எங்கள் மேனேஜர் பந்தைக்கூடப் பார்க்காமல் அதைச் செய்தார்.

இப்போது அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்குப் பதினொன்று, அவனுக்குப் பதினைந்து. இடது காலில் பந்து ஒட்டிக்கொண்டால் பிரிக்க ஆள் கிடையாது. அவன் ஓடும்போது வெடித்துப்போன கரம்பைத் தரையில் தூசி ஒரு கோடாக எழும்பி நிற்கும். ஆனால் கோடை முடிந்ததும் அவனை மெட்ராசுக்கு அனுப்ப அய்யா ஏற்பாடு செய்திருந்தார். அங்கே சொந்தக்காரர் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார், ஆள் கேட்டிருந்தார். விளைச்சல் இல்லாத வருடத்தில் ஒரு வாய் குறைவது பெரிய விஷயம். அண்ணனுக்கோ படிக்கவும் ஆசை, பந்தும் வேண்டும்.

டிரில் வாத்தியார் ஒருநாள் வீட்டுக்கு வந்து சொன்னார். "வைகாசிக் கடைசியில ராமநாதபுரத்துல கப்பு ஆட்டம் இருக்கு. விளையாட்டு விடுதி வாத்தியார் பாக்க வாராரு. இந்தப் பக்கம் ஒரு பயலை எடுப்பாரு. எடுத்துட்டா மூணு வேளைச் சாப்பாடு, பூட்ஸு, பன்னெண்டாவது வரைக்கும் படிப்பு. எல்லாம் அங்கனயே."

"எடுத்தா அங்கன போகட்டும். எடுக்கலேன்னா மெட்ராசு," என்றார் அய்யா.

அண்ணனின் வாழ்க்கை அந்த ஒரு ஆட்டத்தில் போய் நின்றுகொண்டது. எனக்கு அது புரிந்தது, ஆனாலும் எனக்கு அது திருவிழா மாதிரிதான் இருந்தது.

கப்பு ஆட்டத்துக்கு முன்னால் எங்களோடு மோத ஆள் வேண்டுமே. மண்டபம் பக்கத்துக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தார்கள். மீன் வண்டியின் பின்னால் நின்றுகொண்டே வந்து, எங்கள் கண்மாய்க் கரையில் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். நாங்கள் வரிசையாக மூக்கைப் பிடித்துக்கொண்டோம்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஓடுறவன் எத்தன நேரம்டா ஓடுவான்?" என்றான் அவர்களில் உயரமானவன். அவன்தான் அவர்களுடைய தடுப்பு ஆட்டக்காரன். பிற்பாடு எங்களுக்கு அவன் பெயர் நெட்டையன் என்றே ஆகிவிட்டது.

அவர்களுடைய மேனேஜர் சங்கு குளிக்கிறவர். கடலுக்கடியில் மூச்சடக்கிச் சங்கு எடுத்துப் பிழைத்தவர். நீரின் அழுத்தத்தில் ஒரு காது போய்விட்டது. அதனால் சாதாரணமாகப் பேசினாலே அது கூவல்தான். நல்ல காதைத் திருப்பிக் காட்டி, "என்ன? என்ன சொல்லுத?" என்பார். பையன்களைத் தினமும் கடலில் இறக்கி மூச்சடக்க வைத்து, பிறகு ஈரமணலில் ஓடவிடுவாராம். அவர் கோட்டின் ஓரத்தில் முழு ஆட்டமும் பந்தோடு ஓடினார். எங்கள் மாமா குச்சியோடு குந்தியிருந்தார். எனக்கு இன்றைக்கும் இரண்டு மேனேஜர்களைத் திரையில் அடுத்தடுத்துக் காட்டினால் அந்த இரண்டு பேரும்தான் தெரிகிறார்கள்.

முதல் ஆட்டம் எங்கள் தரையில். பாளம் பாளமாக வெடித்த தரை. மணலில் பழகிய கால்கள் வெடிப்பில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டன. அவர்களிடம் பதினொரு பேர்தான், எங்களிடம் முறை முறையாகப் புது ஆள். மூன்றுக்கு ஒன்று என்று அடித்தோம். இரண்டு அண்ணன் போட்டது.

முடிந்ததும் சங்கு குளிக்கிறவர் மாமாவிடம் வந்தார். "யோவ், ஆட்டத்தையே பாக்கலையே நீ. குச்சியப் பாத்துக்கிட்டே குந்தியிருந்த?"

"ஆட்டத்த அவனுக பாத்துக்கிருவானுக. நான் பாக்கவேண்டியது நெழலுதான்."

"அல்லாவே! இவன்கிட்டயா தோத்தோம்!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க ஊருக்கு வா, அங்க வச்சுப் பேசிக்கிருவோம்."

போனோம். கடற்கரையில் மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு பக்கமும் துடுப்புகளை நட்டு கோல் கட்டியிருந்தார்கள். ஒரு கோல் கரையோரத் தென்னைகளின் பக்கம், இன்னொன்று கடலின் பக்கம். முதல் பாதியில் அவர்கள் கடல் பக்கக் கோலுக்கு அடித்தார்கள். தரை காய்ந்து நன்றாக இருந்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம், கடல் பக்கக் கோலுக்கு நாங்கள் அடிக்கவேண்டும். அப்போது கடல் ஏற ஆரம்பித்தது. அங்கே பெரிதாக ஏறாது, கணுக்கால் அளவுதான். அது போதாதா? பந்து மிதந்தது. உதைத்தால் பந்துக்கு முன்னால் தண்ணீர் போகிறது. நாங்கள் நாற்று நடுகிறவர்கள்போலக் குனிந்து குனிந்து பந்தைத் தேடினோம். நான்குக்கு ஒன்று. மிதந்த பந்தை அண்ணன் ஒரே ஒருமுறை சுழற்றி அடித்தது மட்டும் உள்ளே போனது.

"ஏமாத்து! ஏமாத்து!" என்று கத்தினோம். நெட்டையன் இடுப்பில் கை வைத்து நின்றான். "எங்க கடலு, எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒங்க கண்மாயில வெடிப்பு எங்கன இருக்குன்னு எங்களுக்குச் சொன்னீங்களாடா?"

நாங்கள் குனிந்து டவுசரைப் பிழிய ஆரம்பித்தோம்.

மாமா அதற்குள் குச்சியை மறந்துவிட்டார். கணுக்கால் தண்ணீரில் நின்றபடி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டுத் தண்ணிக்கும் எவன்யா மொறை வைக்கிறது?" என்றார்.

சங்கு குளிக்கிறவர் நல்ல காதைத் திருப்பி, கேள்வியை வாங்கிக்கொண்டு, வானத்தைக் காட்டினார். "நெலா."

"தவறாம வைக்குதா?"

"இந்நாள் வரைக்கும் தவறுனதில்ல."

"அப்ப சரி," என்றார் மாமா. தோற்ற ஆட்டத்தைப் பற்றி அவர் வேறு எதுவும் பேசவில்லை. திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு அவர்மேல் கோபமான கோபம்.

ஒன்றுக்கு ஒன்று ஆகிவிட்டது. உங்களுக்குத் தெரியும், ஒரு பகை எப்படி வளர்கிறது என்று. அவர்கள் ஊரில் எங்களைத் 'தூசி டீம்' என்றார்களாம். எங்கள் ஊரில் கோழி கூவினாலும் அது 'கவிச்சி டீம்' ஒழிக என்றுதான் கூவியது. கனவில்கூட நெட்டையனின் முழங்கால் வந்தது. வெயில், பசி, அம்மாவின் கேப்பைக் கூழில் நாளுக்கு நாள் தண்ணீர் கூடியது, எல்லாம் பின்னால் போய்விட்டது. ராமநாதபுரம், ராமநாதபுரம் என்று நாள் எண்ணினோம். அங்கே குலுக்கலில் முதல் ஆட்டமே எங்களுக்கும் அவர்களுக்கும்தான் என்று டிரில் வாத்தியார் சொன்ன அன்று பதினெட்டுப் பேரும் கண்மாய்க்குள் இறங்கி ஊளையிட்டோம்.

ராமநாதபுரத்து மைதானத்தில் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தது. கோலுக்குப் பின்னால் வலை கட்டியிருந்தது. வலை கட்டிய கோலை அன்றுதான் பார்க்கிறேன். கடற்கரைப் பையன்கள் அதை இழுத்துப் பார்த்து, "கண்ணி பெருசுடா, மீனு நிக்காது," என்று சிரித்தார்கள். கறுப்புச் சட்டை, கறுப்பு டவுசர் போட்ட ரெஃபரி. கையில் கடிகாரம். மாமா கோட்டுக்கு வெளியே தன் குச்சியை ஊன்றியபோது ரெஃபரி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிலை வாயில் வைத்தார்.

முதல் பாதி. மாற்றுவதெல்லாம் பிறகு என்று டிரில் வாத்தியார் மாமாவைப் பிடித்து வைத்திருந்தார். அண்ணனை நெட்டையன் நிழலைப்போல ஒட்டிக்கொண்டான். இரண்டு தடவை சாய்த்தான். மூன்றாவது தடவை அண்ணன் இடதில் போவதுபோல உடம்பைக் காட்டி வலதில் போனான், வலை புடைத்தது. வலை புடைக்கிறதைப் பார்த்து நாங்கள் ஒரு நொடி கத்த மறந்துபோனோம். பிறகு கத்தியதில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களும் ஒன்று போட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று, இடைவேளை.

விடுதி வாத்தியார் இன்னும் வரவில்லை. பஸ் தாமதம் என்று தகவல். அவரைக் கூட்டிவர டிரில் வாத்தியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். எங்கள் பக்கத்தில் விதி தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போனதும்தான் அது நடந்தது.

மாமா அண்ணனின் காலைத் தொட்டுப் பார்த்தார். கெண்டைச்சதை கல்லாக இருந்தது. நியாயமாகத்தான் யோசித்தார். பார்க்கிறவர் வராத நேரத்தில் இவனை ஓடவிட்டு என்ன பயன்? தண்ணீரைத் தேக்கி வைத்து, தேவையான வயலுக்குத் திறப்பதுதானே அவர் வேலை?

"நீ செத்த உக்காரு. வாத்தியாரு தலை தெரியட்டும், ஒன்னய எறக்குறேன்," என்றார் அண்ணனிடம். என் பக்கம் திரும்பினார். "சின்னவனே, ஒன் மொறை. போ."

ரெஃபரி ஒரு அட்டையில் எதையோ குறித்துக்கொண்டார். அது என்ன என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

நான் கோட்டைத் தாண்டினேன். ஐயோ, அந்த நேரம்! உள்ளங்காலில் சுண்ணாம்பு ஒட்டியது. புல் இருந்தது, நிஜமான புல். நான் பந்தின் பின்னால் ஓடவில்லை, பந்து போன இடமெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போனது. நெட்டையன் என்னை இரண்டு தடவை உட்கார வைத்தான். மூன்றாவது தடவை தானே தூக்கிவிட்டு, "பாத்துடா, ஒடைஞ்சு போயிருவ," என்றான். அதற்கும் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் வாயைப் பிளந்து நின்றபோது என் பக்கமாகப் பந்தைக் கொண்டுபோய் அவர்கள் இரண்டாவது கோலைப் போட்டார்கள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் டிரில் வாத்தியாரோடு குடை பிடித்த ஒருவர் மைதானத்துக்குள் வந்தார். விடுதி வாத்தியார். மாமாவின் முகம் மடை திறந்ததுபோல மலர்ந்தது.

"சின்னவனே, மொறை முடிஞ்சது, வெளிய வா! பெரியவனே, எறங்கு!"

நான் ஓடி வந்தேன். அண்ணன் ஓடிப் போனான். விசில் ஊதியது. ரெஃபரி அண்ணனின் நெஞ்சில் கை வைத்து நிறுத்தினார்.

"நீ வெளியே போன ஆள். திரும்ப வர முடியாது."

மாமாவுக்கு விளங்கவில்லை. "ஏன் சார் முடியாது? இவன் மொறை முடிஞ்சு உக்காந்தான். சின்னவன் மொறை முடிஞ்சிருச்சு. இப்ப சுத்தி இவனுக்கு வந்துருச்சு."

"சுத்தியெல்லாம் வராதுங்க. ஒரு தடவை மாத்தினா மாத்தினதுதான்."

"வராதா?"

"வராது."

"எப்பவுமேவா?"

ரெஃபரிக்கு எரிச்சல். "எப்பவுமேதான். நீங்க மேனேஜர்தானே? இதுகூடத் தெரியாதா?"

மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். ஊரில் அத்தனை பேரும் மறுபேச்சுப் பேசாத மனிதர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து வந்திருந்தவர்கள் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லி ஏசினார்கள். அய்யா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, "வா, போவோம்," என்றார். அண்ணன் அழவில்லை. கோட்டின் மேலேயே நின்றான், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

இந்தக் கலவரத்தில் சங்கு குளிக்கிறவர் வந்துவிட்டார். "என்ன? என்னவாம்?" என்று காதைக் காட்டினார். டிரில் வாத்தியார் கத்திச் சொன்னார். அவர் ரெஃபரியிடம், "எங்களுக்கு ஆட்சேபண இல்ல. பயலை உள்ள விடுங்க," என்றார்.

"நீங்க சொன்னா ஆச்சா? விதின்னு ஒண்ணு இருக்கு. நீ உள்ளே போப்பா," என்று ரெஃபரி என்னைத் தள்ளினார். மிச்ச நேரம் நான்தான் ஆடினேன். எப்படி ஆடினேன் என்று எனக்கு நினைவில்லை. இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

விடுதி வாத்தியார் குடையை விரித்தார். அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அப்போது சங்கு குளிக்கிறவர் அவர் முன்னால் போய்க் குறுக்கே நின்றார். அடக்கமாகத்தான் சொன்னார், அது மைதானம் முழுக்கக் கேட்டது.

"வாத்தியாரே, ஒரு பத்து நிமிசம். ஒரு டீ குடிக்கிற நேரம். நில்லுங்க."

பிறகு தன் பையன்கள் பக்கம் திரும்பினார். அவர்கள் ஒருவன்மேல் ஒருவன் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "எறங்குங்கடா! என்னடா ஜெயிப்பு இது? அந்த இடதுகால்காரன் இல்லாம ஜெயிச்சிருக்கோம். நாளைக்கு இவனுக ஊரு ஊராச் சொல்லித் திரிவானுக, அவன் இருந்திருந்தா கவுத்திருப்போம்னு. நான் காதக் கொடுத்துக் கேக்கணுமா அத? நிக்கட்டும் அவன். இப்ப ஆடுவோம். கப்புக்கு இல்ல, நமக்கு."

ரெஃபரி, இது கணக்கில் சேராது என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க சார்," என்றார் சங்கு குளிக்கிறவர். பிறகு பையன்களிடம் விரலை ஆட்டினார். "பாவம்னு எவனாச்சும் வழி விட்டீங்க, கடல்ல அமுக்கிருவேன். முன்னைக்கு ரெண்டு மடங்கு ஆடணும்."

ஆடினார்கள் பாருங்கள்! இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய ஆட்டம் பார்த்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடு இல்லை. நெட்டையன் கண்ணில் தீ. அண்ணனை முதல் தடவை சாய்த்தபோது முழங்கை தேய்ந்தது. இரண்டாவது தடவை உதடு கிழிந்தது. அய்யா துண்டை எறிந்துவிட்டு, "எம் புள்ளயக் கொல்லப் பாக்குறானுகடா!" என்று உள்ளே பாய்ந்தார். சங்கு குளிக்கிறவர் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடுய்யா! தள்ளிவிட்டாத்தான்யா எந்திரிக்கிறது தெரியும்!"

அய்யா கடைசிவரைக்கும் அந்த மனிதரை மன்னிக்கவில்லை. கடற்கரைக்காரன் என் பையனை அடிக்கச் சொன்னான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். விட்டுக்கொடுத்திருந்தால் விடுதி வாத்தியார் ஒரு நொடியில் கண்டுபிடித்துக் கிளம்பிப் போயிருப்பார் என்பது, திரையில் நூறு பகை ஆட்டங்கள் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நம்மை முழு பலத்தோடு எதிர்க்கிறவன்தான் நம்மைப் பெரிய ஆளாகக் காட்டுகிறான். அவரும் கருணையால் அதைச் செய்யவில்லை. வீம்பால் செய்தார். அதனால்தான் அது சுத்தமாக இருந்தது.

அண்ணன் எழுந்தான். உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு ஓடினான். ஒரு அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. எல்லாரும் 'ஆ' என்றோம். சரியாக அந்த நேரத்தில் மாமாவின் குரல்:

"பெரியவனே, மொறை முடிஞ்சது. வெளிய வா!"

நம்பமாட்டீர்கள். அத்தனை நடந்த பிறகும் அவர் குச்சியருகில் குந்தி நிழல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பதினெட்டில் கடைக்காரர் மகன் ஒருவன் அன்று முழுக்க இறங்கவே இல்லையாம். அவனுக்கு முறை வந்துவிட்டதாம்.

அண்ணன் நின்றான். பந்து காலடியில். மாமாவைப் பார்த்தான். அந்தக் கோடை முழுக்க அவர் கூப்பிட்டு வெளியே வராத பையன் ஒருவன்கூட இல்லை.

"வரமாட்டேன் மாமா," என்றான்.

சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினான். மாமா மெதுவாக எழுந்தார். குச்சியைப் பிடுங்கி, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் தூர எறிந்தார். பிறகு திரும்பி நின்று, அந்தக் கோடையில் முதல்முறையாக, பந்தைப் பார்த்தார். "ஓடுறா!" என்றார். "ஓடுறா, ஓடுறா!"

நெட்டையன் பாய்ந்தான். அண்ணன் பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, அவனைச் சுற்றிப் போய், கீழே விழுமுன் இடது காலில் வாங்கினான். வலை புடைத்தது. சங்கு குளிக்கிறவர் அய்யாவை விட்டுவிட்டுத் தன் நல்ல காதில் அறைந்துகொண்டு, "போச்சு! போச்சுடா!" என்று குதித்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

விடுதி வாத்தியார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "பையனோட அப்பா யாரு?" என்று கேட்டார்.

அண்ணன் விடுதிக்குப் போனான். படித்தான், மாவட்டத்துக்கு ஆடினான், அரசாங்க வேலைக்குப் போனான். இப்போது அவனுக்கும் முழங்கால் வலிதான்.

அன்று திரும்பும் பஸ்ஸில் பதினெட்டுப் பேரும் பாடிக்கொண்டு வந்தோம், தோற்றது நாங்கள் என்பதே மறந்துபோய். அண்ணன் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தான், உதடு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பாதி வழியில் அய்யா யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "மெட்ராசுக்கு ஆளு அனுப்புறேன்னு சொல்லிப்புட்டேனே. திங்கக்கெழம எதிர்பாத்துக்கிட்டு இருப்பாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லேம்பேன்?"

அண்ணன் கண்ணைத் திறந்தான்.

என் காலில் சுண்ணாம்பு இன்னும் இருந்தது. உடம்புக்குள் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் வெளியே, நான் உள்ளே. ஒருமுறை செய்துவிட்டேன், இன்னொருமுறை செய்தால் என்ன என்று இருந்தது.

"நான் போறேன்யா," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான். கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன். பெறகு பள்ளிக்கூடம் போறேன்."

அய்யா என் தலையில் கை வைத்தார். முன் சீட்டிலிருந்த மாமா சட்டென்று திரும்பினார். என்னையே பார்த்தார். "சின்னவனே, வெளிய போன ஆளு..." என்று ஆரம்பித்தார். பையன்கள் பாட்டைக் கூட்டினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை ராமநாதபுரத்தில் ரயில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு ஜன்னலோர இடம். மானாமதுரை வரைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனேன், பக்கத்தில் இருந்தவர் தூங்கிவிட்டதுகூடத் தெரியாமல்.